வந்தானா? வந்தாரா?

சொல்லைத் தெரிந்தெடுக்கும் எழுத்தாளர் பொருளை மட்டுமே தெரிந்தெடுப்பதாக எண்ணிக்கொள்கின்றார். உண்மையில், மனிதர்க்குரிய இடத்தையும் அவர் உடன் வகுத்துவிடுகின்றார். தோட்ட வாழ்வைப் பற்றி நம்மவர் எழுதும் கதைகளைப் படிக்குந்தோறும் நமக்குத் தோன்றுவது இதுவேயாகும்.

"துரை வந்தார், தொழிலாளி வந்தான்." இத்தகைய வாக்கியத்தைக் கண்டு நம்மில் எவரும் திடுக்கிடுவதில்லை. நரைத்த தலையினராயினும் பால்மரம் வெட்டுபவர் 'அவன்'. நேற்று வந்திறங்கிய இளந்துரை 'அவர்'. இலக்கணப்படி இரண்டும் பிழையல்ல. நீதிப்படி ஒன்று பிழையே.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது ஊதிய உயர்வை மட்டும் கேட்கவில்லை. துரைமாரைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கேட்டனர். அப்போராட்டம் உயிர்ப்பலியும் கொண்டது. சைக்கிளினின்று இறங்க மறுத்த அம்மக்களை, நாம் ஒரு விகுதியால் இறக்கிவிடுதல் தகுமா?

'கூலி' என்னும் சொல்லும் அத்தகையதே. வள்ளுவர் 619ஆம் குறளில் உடல் வருந்தியதற்குக் கிடைக்கும் பயனைத்தான் கூலி என்றார். வருந்திய மனிதரை அன்று. பெறும் பொருளின் பெயரைப் பெறுபவர்மேல் ஏற்றிக் 'கூலிகள்' என எழுதுவது, மரியாதைக் குறைவு மாத்திரமன்று, சொற்பிழையுமாகும். தொழிலை ஆள்பவர் தொழிலாளி. இதுவே நேரான சொல்.

"அவ்வாறாயின் கங்காணியின் வாயிலும் 'வாருங்கள்' என்று புகுத்தவேண்டுமோ?" எனச் சிலர் வினவக்கூடும். வேண்டுவதில்லை. கங்காணி 'வாடா' என்றால் 'வாடா' என்றே எழுதுக; அது கங்காணியின் குற்றத்துக்குச் சாட்சி. ஆனால் கதை சொல்லும் குரல் எழுத்தாளருடையது. அக்குரலும் 'அவன்' என்றால் எழுத்தாளரும் கங்காணியாகின்றார்.

நிற்க. மரியாதை வேண்டுமென்று ஆடம்பரச் சொல் தேடுவோரும் உளர். 'மரம் வெட்டினார்' என்றால் தமிழ்நாட்டு வாசகர் மரத்தையே வீழ்த்தியதாகக் கொள்வரென அஞ்சி, 'விருட்சத்தைக் கீறிப் பாலெடுத்தார்' என்கின்றனர். 'பால்மரம் வெட்டினார்' என்றாலே பொருள் விளங்குமே! பால் ஏந்துவது மங்கு. வெட்டுவாயில் உலர்ந்து ஒட்டுவது ஒட்டுப்பால். மங்கில் உறைவது கட்டிப்பால். உழைத்த கை ஆக்கிய இச்சொற்களுக்கு மெருகு வேண்டுவதில்லை. தமிழகத்து அகிலனும் மலேசியத் தோட்டங்களைப் பற்றிய தம் நாவலுக்குப் 'பால்மரக் காட்டினிலே' என்றே பெயரிட்டார்.

இதனை இப்பொழுது வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. ஜோகூரிலுள்ள ஸ்கூடாயைப் பாருங்கள். ரப்பரும் செம்பனையும் நின்ற சுற்றுவட்டாரத்தில் இன்று வீடமைப்புப் பகுதிகளும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் நிற்கின்றன. தோட்டத்தாரின் பேரப்பிள்ளைகள் பட்டணத்தாராய் வளர்கின்றனர். அவர்களுட் பலர்க்கு மங்கும் பெரட்டும் இனி ஏட்டின் வழியேதான் எட்டும். பாட்டன் பாட்டியரை அவர்கள் சந்திக்கப்போவதும் அங்கேதான்.

ஆங்கே அம்முதியோர் 'வந்தான்', 'வந்தாள்' என நிற்பதா, 'வந்தார்' என நிமிர்ந்து நிற்பதா என்பது பேனா பிடிப்போர் கையில் உள்ளது. எழுதுவோர் சிந்திப்பார்களாக.