ஊதுகிறவன் மூச்சு

'பித்தளையை வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியப் பத்தி இசையமைக்க முடியுமா தோழர்?' என்று ஒரு மாணவர் கேட்டார். பிரிட்டனில் பொது மருத்துவத்தையும் சமூக நீதியையும் பொருளாக வைத்துப் பித்தளைப் பேண்டுகளுக்கு இசை எழுதுவது பற்றி எங்கோ படித்திருக்கிறார். பாட்டு என்றால் வார்த்தை இருக்கிறது, வெறும் ஊதலில் சமூக நீதி எங்கேயிருந்து வரும் என்பது அவர் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். ஆனால் 'பேண்டு' என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததே, அதற்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நம் ஊரில் பேண்டு செட் என்றால் சாயம்போன சிவப்புக் கோட்டு, கல்யாண ஊர்வலம், சினிமாப் பாட்டு. ஊதுகிறவர்களில் பலர் சேரியிலிருந்து வருகிறவர்கள். பறையடித்தவனைப் பார்த்த அதே கண்தான் இவர்களையும் பார்க்கிறது.

பிரிட்டனின் பித்தளைப் பேண்டு 19-ஆம் நூற்றாண்டில் மில்களையும் நிலக்கரிச் சுரங்கங்களையும் ஒட்டி வளர்ந்தது. பல இடங்களில் கருவி வாங்க முதலாளியே பணம் கொடுத்தான். யார்க்‌ஷயரில் ஜான் ஃபாஸ்டர் என்ற மில் முதலாளியின் ஆதரவில் 1855-இல் அமைந்த பிளாக் டைக் மில்ஸ் பேண்டு இன்றும் இருக்கிறது. குடிக்கும் கலகத்துக்கும் போகாமல் தொழிலாளி ஒழுங்காகக் கிடக்கட்டும் என்ற கணக்கு இந்தத் தருமத்தில் உண்டு. கருவி அவனுடையது, மூச்சு இவனுடையது. கணக்கு பல ஊர்களில் தப்பிப்போனது. தொழிற்சங்கக் கொடிக்கு முன்னால் நடந்ததும் பேண்டுதான்.

ஆஸ்பத்திரிக்கு வருவோம். தெற்கு வேல்ஸில் ட்ரெடீகர் என்று ஒரு சுரங்க ஊர். அங்கே 1890-இலேயே தொழிலாளர்கள் ஒரு மருத்துவ உதவிச் சங்கம் வைத்திருந்தார்கள். கூலியில் பவுனுக்கு 3 பென்ஸ் பிடித்துக்கொடுத்து, அந்தப் பணத்தில் டாக்டர், மருந்து, ஆஸ்பத்திரி. 1920-களில் அங்கே வேலை பார்த்த டாக்டர்களில் ஒருவர்தான் பின்னாளில் நாவலாசிரியரான ஏ.ஜே. குரோனின். அந்த ஊரில் 1897-இல் பிறந்து 13 வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர் அன்யூரின் பெவன். அப்பாவும் சுரங்கத் தொழிலாளி. கரித்தூள் நுரையீரலில் அடைத்து 1925-இல் செத்துப்போனார். பெவன் அமைச்சராகி, 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கியபோது, தன் ஊர்க்காரர்கள் சில்லறை சேர்த்துச் செய்ததையே நாட்டு அளவில் செய்தார். டாக்டர்கள் சங்கம் கடைசிவரை முரண்டு பிடித்தது. மூன்றே வருஷத்தில், 1951-இல், பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் காசு வாங்குவது என்று அவருடைய சொந்தக் கட்சி அரசாங்கமே முடிவெடுத்தபோது ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்தார். ட்ரெடீகரின் பேண்டு இன்றைக்கும் பேர்பெற்ற பேண்டு.

இந்தச் சண்டைகளை விட்டுவிட்டு எழுதப்படும் இசை வெறும் நன்றிப் பாட்டாகத்தான் முடியும். 2012 ஜூலை 27, லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் மைதானம் நிறைய ஆஸ்பத்திரிக் கட்டில்களைப் போட்டு நர்ஸ்களை ஆடவிட்டார்கள். அதே வருஷம் மார்ச்சில்தான், தனியார் நுழைவதற்கு வழியை அகலப்படுத்துகிறது என்று பலரும் எதிர்த்த சுகாதாரச் சட்டம் நிறைவேறியிருந்தது. 2020 கொரோனா காலத்தில் வியாழக்கிழமை ராத்திரி வாசலில் நின்று கைதட்டினார்கள், பாத்திரம் தட்டினார்கள். (நம்ம ஊரிலும் தட்டச் சொன்னார்கள், தட்டினோம்.) 2022 டிசம்பரில் அதே நர்ஸ்கள் கூலி போதவில்லை என்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தட்டுகிற சத்தத்துக்குக் கூலி உயராது. இசையமைப்பாளன் கொண்டாட்டத்துக்கு மட்டும் ஆள் பிடிக்கப்படுகிறவனா என்பதுதான் என் கேள்வி.

வார்த்தையே இல்லாமல் இதற்குப் பதில் சொன்ன ஒரு இசை இருக்கிறது. 1934 செப்டம்பர் 22 அன்று வடக்கு வேல்ஸில் கிரஸ்ஃபோர்டு சுரங்கம் வெடித்து 266 பேர் செத்தார்கள். பெரும்பாலான உடல்களை வெளியே எடுக்கவே இல்லை, உள்ளேயே வைத்து மூடிவிட்டார்கள். வடகிழக்கு இங்கிலாந்தின் ராபர்ட் செயிண்ட் இதற்காக ஒரு மெட்டு எழுதினார். பெயர் 'கிரஸ்ஃபோர்டு'. சுரங்கத் தொழிலாளர் கீதம் என்றும் சொல்வார்கள். செயிண்ட் சங்கீதக் கல்லூரிக்காரர் அல்ல, சுரங்கத்தில் வேலை பார்த்தவர். டர்ஹாம் சுரங்கத் தொழிலாளர் திருவிழாவில் இதை வாசிக்கும்போது கூட்டம் தலைகுனிந்து நிற்கும். நான் ஒலிப்பதிவில்தான் கேட்டிருக்கிறேன். சர்ச் பாட்டு மாதிரிதான் நடக்கிறது, ஆனால் வார்த்தை கிடையாது. வார்த்தை இருந்திருந்தால் 'கடவுள் சித்தம்' என்று யாராவது ஒரு வரியைச் செருகியிருப்பார்கள். இதில் அதற்கு இடமில்லை. யார் கொன்றார்கள் என்ற கேள்வி மூடாமலே நிற்கிறது.

கேவின் ஹிக்கின்ஸ் 2015-இல் எழுதிய 'டார்க் ஆர்ட்டரீஸ்' வேறு வகை. 1984-85 சுரங்க வேலைநிறுத்தத்தின் நினைவிலிருந்து வந்த நடன நாடகத்துக்கான இசை. வாசித்தது ட்ரெடீகர் பேண்டு. பேண்டுக்காரர்களைப் பள்ளத்தில் ஒளித்துவைக்காமல் நடனக்காரர்களோடு மேடையிலேயே உட்காரவைத்தார்கள். இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். உழைக்கிற உடம்பைக் காட்டாமல் உழைப்பின் சோகத்தை மட்டும் விற்பது உயர்கலாச்சாரத்தின் பழைய வேலை.

'பிராஸ்ட் ஆஃப்' என்ற 1996-ஆம் வருஷத்துப் படத்தைப் பலர் பார்த்திருக்கலாம். மூடப்போகும் சுரங்கத்தின் பேண்டு மாஸ்டர் டேனிக்குக் கரித்தூள் நோய். ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ராத்திரியில் பேண்டுக்காரர்கள் சுரங்க விளக்கு வைத்த தலைக்கவசத்தோடு ஜன்னலுக்கு வெளியே நின்று அவருக்காக வாசிக்கிறார்கள். படத்தில் கண்ணீர் கொஞ்சம் ஜாஸ்தி, பேண்டில் ஒரே ஒரு பெண், அவளையும் காதலுக்குத்தான் பயன்படுத்துகிறார்கள். அதெல்லாம் போகட்டும். உள்ளே ஒருவனுக்கு மூச்சு இல்லை, வெளியே பத்திருபது பேர் மூச்சை ஊதிக்கொண்டிருக்கிறார்கள். பித்தளை இசைக்கும் பொது மருத்துவத்துக்கும் உள்ள சொந்தத்தை இதைவிடத் தெளிவாக நான் பார்த்ததில்லை. இரண்டுக்கும் மூலப்பொருள் நுரையீரல்.

இந்தச் சொந்தம் வாசிப்பு முறையிலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் பேண்டில் ஏறக்குறைய 25 பேர் ஊதுவார்கள், தாளத்துக்குச் சிலர் தனி. கார்னெட், டெனர் ஹார்ன், யூபோனியம், டிராம்போன், டியூபா. ஒரு நீண்ட சுரத்தை ஒருவனால் ஒரே மூச்சில் இழுக்க முடியாது. அதனால் முறைவைத்து மூச்சு வாங்குவார்கள். பக்கத்தில் இருக்கிறவன் பிடித்துக்கொண்டிருக்கும்போது இவன் நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே வருவான், பிறகு அவன் நிறுத்துவான். கேட்கிறவனுக்குச் சுரம் அறுந்ததே தெரியாது. ட்ரெடீகர் சங்கத்தின் 3 பென்ஸ் கணக்கும் இதுதானே? நீ படுத்தால் நான் பிடித்துக்கொள்கிறேன், நான் படுத்தால் நீ. பொது மருத்துவத்தைப் பற்றி எழுதுகிறவன் கீத முழக்கத்தைத் தேடி அலையவேண்டாம், இந்த மூச்சு முறையை எடுத்து வெளியே காட்டினால் போதும். ஒவ்வொருவனாக நிற்கட்டும், திரும்பி வராமல் போகட்டும், சுரம் மெலியட்டும். வால்வை அழுத்தாமல், சுரமே எழுப்பாமல், குழாய்க்குள் வெறும் காற்றை விட்டால் இளைப்பு வந்த நெஞ்சின் சத்தம் கேட்கும். அதை எழுதட்டும்.

இன்னொன்று. பெவனையும் வெள்ளைச் சுரங்கத் தொழிலாளியையும் மட்டும் வைத்து இந்தக் கதையைச் சொன்னால் பாதிதான் வரும். அந்தச் சேவையைத் தாங்கிப்பிடித்தவர்கள் கரீபியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பு நர்ஸ்கள், இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து போன டாக்டர்கள். வெள்ளை டாக்டர்கள் போக விரும்பாத தெற்கு வேல்ஸ் சுரங்க ஊர்களில் உட்கார்ந்து வைத்தியம் பார்த்தவர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர். (அங்கே நிறத்தால் ஒதுக்கப்பட்ட டாக்டர்களில் எத்தனை பேர் இங்கே சாதியால் ஒதுக்கியவர்கள் என்று கேட்டால் கோபம் வரும். கேட்கத்தான் வேண்டும்.) இவர்களுக்கு இசையில் என்ன இடம்? நடுவில் ஒரு தபேலாவைத் தட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது அலங்காரம். ராத்திரி டியூட்டி பார்க்கிறவளின் தாளம் என்ன, அவள் எத்தனை முறை உட்காருகிறாள் என்று கேட்டு எழுதவேண்டும்.

இதையெல்லாம் நாம் ஏன் பேசவேண்டும்? நம்மிடம் ஊதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊதுவதை எழுதியவர்கள் எங்கே? ராபர்ட் செயிண்ட் பசியோடு வாழ்ந்தவராக இருக்கலாம், ஆனால் மெட்டுக்கு அவர் பெயர் இருக்கிறது. வாசித்து முடித்த பிறகு அவரை யாரும் தனித் திண்ணையில் உட்காரவைத்துச் சாப்பாடு போடவில்லை. நம் பேண்டு செட்டுக்காரன் அடுத்தவன் கல்யாணத்துக்கும் அடுத்தவன் இழவுக்கும் அடுத்தவன் போட்ட மெட்டையே ஊதுகிறான். பறைக்கு இன்று மேடை கிடைத்திருக்கிறது, கலகக் கருவி என்கிறோம், சந்தோஷம். பித்தளைக்கு அந்தப் பேச்சே இல்லை. அது வெள்ளைக்காரன் கருவி என்று நம் தோழர்களே சொல்கிறார்கள். அங்கேயும் அது முதலாளி கொடுத்த கருவிதான் என்பதை மறந்துவிடக்கூடாது. அரசு ஆஸ்பத்திரியில் ரத்தத்தையும் மலத்தையும் கழுவுகிறவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். அந்த வராந்தாவின் சத்தங்கள், தள்ளுவண்டிச் சக்கரம், வாளி, டோக்கன் கூப்பிடும் குரல், எல்லாம் நமக்கு மனப்பாடம். ட்ரம்பெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் அதை யாராவது எழுதிக் கொடுத்தால் ஊத ஆள் தயார்.

என் சித்தப்பா முப்பது வருஷத்துக்கு மேல் பேண்டு செட்டில் ட்ரம்பெட் ஊதினார். கடைசியில் மூச்சுத் திணறல் வந்து ஒரு அரசு ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய் வார்டில் சேர்த்தோம். பரிசோதனை அறையில் ஒரு குழாயை வாயில் கொடுத்து, 'பெரியவரே, மூச்ச நல்லா இழுத்து முடிஞ்ச மட்டும் ஊதுங்க' என்றார்கள். சித்தப்பா குழாயை வெளியே எடுத்து, 'என்ன பாட்டு சார்?' என்று கேட்டார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் நிஜமாகத்தான் கேட்டார்.