காரணம் காட்டும் கதையும் காத்திருப்பின் கதையும்: சிறுவர் ஊழியத்தில் ஏமி கார்மைக்கேல்

திறவுச்சொற்கள்: சிறுவர் ஊழியம், விடையற்ற ஜெபம், பண்ணைவிளை, பிரீனா, மிமோசா, சுந்தரர்

முன்னுரை

ஜெபத்திற்கு விடை கிடைக்காதது ஏன் என்னும் வினாவுக்கு, சீர்திருத்தத் திருச்சபைகளின் ஞாயிறு பள்ளிகளிலும் விடுமுறை வேதாகமப் பள்ளிகளிலும் ஆயத்தமாக இருக்கும் கதை ஒன்று உண்டு. அயர்லாந்தின் கடலோர ஊரான மில்லைலில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல், சிறு குழந்தையாக இருந்தபோது தம் பழுப்புக் கண்கள் நீலமாக மாறவேண்டும் என்று ஓர் இரவு ஜெபித்தார். காலையில் கண்ணாடியில் பார்த்தபோது கண்கள் மாறியிருக்கவில்லை. பின்னாளில் திருநெல்வேலிச் சீமையில் சேலை உடுத்தி, தோல் நிறத்தை மாற்றிக்கொண்டு, கோயிற் பெண்குழந்தைகளின் நிலையறியச் சென்றபோது அவரை அயலாராகக் காட்டிக்கொடுக்காதவை அந்தப் பழுப்புக் கண்களே என்று கதை தொடர்கிறது. ஆகவே 'இல்லை' என்பதும் கடவுளின் விடையே என்பது பாடம்.

வேண்டுதல், மறுப்பு, பின்னர் வெளிப்படும் காரணம் என்னும் மூன்று படிகளில் கதை நிறைவுறுகிறது. குழந்தையின் மனத்தில் எளிதில் பதியும் அமைப்பு இது. ஆனால் காரணம் வெளிப்படாமலே போகும் வேண்டுதலை ஏந்தி வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு இக்கதையில் இடமில்லை. மேலும், கதையைக் கேட்கும் தமிழ்க் குழந்தையின் கண்கள் இயல்பாகவே கருமையானவை. நீலக் கண்ணே அழகு என்னும் எண்ணத்தை முதலில் கதையே அதற்கு அறிமுகம் செய்கிறது. பிறகு அந்த அழகு கிடைக்காததற்கு ஆறுதலும் கூறுகிறது.

பண்ணைவிளையில் நிகழ்ந்தது

ஆத்தூர் வட்டாரத்தில் இக்கதையைத் தொலைதூரத்துச் செய்தியாகக் கொள்ள இயலாது. கோயிலிலிருந்து முதலில் தப்பிவந்த சிறுமி பிரீனா, 1901 மார்ச் மாதம் கார்மைக்கேலை அடைந்த இடம் பண்ணைவிளை. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், ஆத்தூருக்குத் தொலைவில்லாத ஊர் அது. பிரீனாவுக்கு அப்போது வயது ஏழு. முன்னொருமுறை தப்பித்துத் தூத்துக்குடிவரை நடந்து தன் தாயிடம் சேர்ந்திருந்தாள். தாயோ அவளைத் தேடிவந்தவர்களிடமே மீண்டும் ஒப்படைத்தாள். தப்பியோடியதற்குத் தண்டனையாகச் சிறுமியின் கைகளில் சூடு வைக்கப்பட்டது. இரண்டாம் முறை தப்பியவளைக் கண்டு கார்மைக்கேலிடம் அழைத்து வந்தவர் தமிழ்க் கிறித்தவப் பெண் ஒருவர்.

இந்நிகழ்வில் பழுப்புக் கண்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. மாறுவேடமிட்டு எவரும் பிரீனாவை மீட்கச் செல்லவில்லை. அவளே நடந்து வந்தாள். 1904இல் வந்துசேர்ந்த முதல் கைக்குழந்தையும் தமிழ்ப் போதகர் ஒருவரின் முயற்சியால் வந்ததே. எனவே நீலக்கண் கதை தரும் காரணம், நிகழ்ந்தவற்றை விளக்குவதைவிடக் கதையின் முடிச்சை அவிழ்ப்பதற்கே மிகுதியும் பயன்படுகிறது எனலாம். அதைவிடக் கருதத்தக்கது ஒன்றுண்டு. தூத்துக்குடியில் தாயின் வாசலில் நின்ற சிறுமியின் முறையீடுதான் இவ்வரலாற்றின் கடுமையான விடையற்ற வேண்டுதல். வகுப்பறைக் கதையில் வேண்டுபவர் அயர்லாந்துக் குழந்தை மட்டுமே. தமிழ்க் குழந்தை மீட்கப்படும் பொருளாக, அதாவது அவருடைய ஜெபம் மறுக்கப்பட்டதற்கான காரணமாக மட்டுமே நிற்கிறது.

முறையிடும் மரபு

கண் வேண்டி இறைவனிடம் வாதாடுவது தமிழ்ப் பக்தி மரபுக்குப் புதிதன்று. சங்கிலியாருக்கு அளித்த உறுதியை மீறிய சுந்தரர் பார்வை இழந்தார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் மட்டும் பெற்றார். காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார் என்கிறது பெரியபுராணம். இழப்பின் காரணம் அவருக்குத் தெரிந்தே இருந்தது. எனினும் காரணம் தெரிந்ததால் முறையீடு அடங்கிவிடவில்லை. தாமதித்த இறைவனைக் கடிந்துரைத்த பாடலே திருமுறையில் இடம்பெற்றுள்ளது. விவிலியத்திலும் 88ஆம் சங்கீதம் எந்த விடையும் பெறாமல் இருளிலேயே முடிகிறது. இவ்விரு மரபுகளுக்கும் உரிய தமிழ்க் கிறித்தவச் சிறுவர் கதையாடல் முறையீட்டைத் தவிர்த்து விளக்கத்தை மட்டும் கைக்கொண்டது, கைக்கெட்டிய செல்வத்தை விட்டுவிட்டதற்கு ஒப்பாகும்.

கார்மைக்கேலின் பிற்கால வாழ்வும் நீலக்கண் கதையின் அமைப்புக்குள் அடங்குவதில்லை. 1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில் குழியில் விழுந்து காயமுற்ற அவர், 1951 ஜனவரி 18இல் டோனாவூரில் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். நலம் வேண்டிய ஜெபங்கள் அவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவில்லை. 1933இல் வெளிவந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' நோயுற்றவர் நோயுற்றவர்களுக்கு எழுதிய மடல்களின் தொகுப்பு. நலமுடையோர் எழுதும் ஆறுதல் நோயாளியைச் சென்றடைவதில்லை என்பதே அந்நூல் பிறந்ததன் பின்னணி. இவ்வளவுகோலை நீலக்கண் கதைக்கும் பொருத்தினால், அது தேறுவது கடினம்.

மிமோசா

மாற்றுக் கதையை வேறெங்கும் தேடவேண்டியதில்லை. கார்மைக்கேல் 1924இல் வெளியிட்ட 'மிமோசா' தமிழ்ச் சிறுமி ஒருத்தியின் வரலாறு. மிமோசா என்பது புனைபெயர். தந்தையுடன் வந்து ஒரு பிற்பகல் மட்டும் கிறித்துவைப் பற்றிக் கேட்ட அச்சிறுமி, அங்கேயே தங்க அனுமதிக்குமாறு கெஞ்சினாள். தந்தை மறுத்தார். வீடு திரும்பியபின் திருநீறு பூச மறுத்ததால் அடிபட்டாள். திருமணத்திற்குப்பின் கணவனின் கடனும் வறுமையும் உறவினரின் வஞ்சகமும் தொடர்ந்தன. கற்பிப்பார் எவருமின்றி அவள் 22 ஆண்டுகள் அந்நம்பிக்கையைப் பேணினாள். தன்னை ஏமாற்றியவர்களை ஒவ்வொருவராகக் கடவுளிடம் எண்ணிச் சொல்லி, அவர்மீது தனக்கு மனத்தாங்கல் இல்லை என்று அவள் கூறுமிடம் நூலின் உயிர்நிலை. அங்கே காரணம் எதுவும் காட்டப்படவில்லை. துன்பத்தின் பட்டியலும் மறைக்கப்படவில்லை.

இந்நூலும் குறையற்றதன்று. மிமோசாவின் இந்துச் சுற்றத்தார் பெரும்பாலும் ஒரே இருண்ட நிறத்தில் தீட்டப்படுகின்றனர். இறுதியில் அவள் டோனாவூர் வந்துசேர்வதால் காத்திருப்புக்கு ஒரு பரிசும் கிடைத்துவிடுகிறது. ஆயினும் வேண்டுபவள் இங்கே தமிழ்ச் சிறுமி. அவளது 22 ஆண்டுகளை நூல் தாண்டிச் செல்லாமல் ஒவ்வொன்றாக நடந்து கடக்கிறது. வகுப்பில் இக்கதையைச் சொல்ல முனையும் ஆசிரியருக்கு எஞ்சும் சிக்கல் மொழியைச் சார்ந்தது. மிமோசா தமிழில் வேண்டினாள். அதை கார்மைக்கேல் ஆங்கிலத்தில் எழுதினார். தூத்துக்குடிக் கரையின் குழந்தைகளுக்கு அவ்வேண்டுதலைச் சொல்லும்போது, அதை நூல்நடையிலிருந்து அவள் வீட்டுப் பேச்சுக்கு மீட்கும் பணியும் ஆசிரியரைச் சேர்கிறது.