டின்டர்னின் மேற்குச் சன்னல்

வேல்ஸில் வை ஆற்றங்கரையோரம் இருக்கிறது டின்டர்ன் மடாலயம். சிஸ்டர்சியன் துறவிகளுக்காக 1131இல் நிறுவப்பட்டது; இன்று இடிந்து நிற்கும் தேவாலயத்தை 1269இல் கட்டத் தொடங்கினார்கள். 1536இல் எட்டாம் ஹென்றி மடத்தைக் கலைத்ததும் கூரையின் ஈயத் தகடுகளைக் காசுக்காக உரித்தெடுத்தார்கள். மிச்சத்தை மழை பார்த்துக்கொண்டது.

ஆனால் அந்த மேற்குச் சன்னல்! ஏழு நெடிய பிரிவுகள். அவற்றின் தலைமாட்டில் கொடி பின்னியதுபோல் கல்வேலைப்பாடு. கண்ணாடி போய்விட்டது, அதைப் பொருத்தச் செதுக்கிய பள்ளம்தான் கல் விளிம்பில் கோடாக ஓடுகிறது. கண்ணாடி இருந்திருந்தால் கண் அதிலேயே நின்றிருக்கும் என்று தோன்றுகிறது. இப்போது கல்தச்சரின் கணக்கு முழுசாகத் தெரிகிறது: எந்தத் தண்டு எங்கே வளைந்து, எதன்மேல் பாரத்தை இறக்குகிறது என்று விரலால் தொடர்ந்து காட்டிவிடலாம். இவ்வளவு மெல்லிய கல்லை இவ்வளவு உயரத்தில் நிறுத்தத் துணிந்தார்களே, அந்தத் துணிச்சலுக்காகவே டின்டர்ன் போகலாம்.