தயிர்த்தாழியும் தாயுள்ளமும்

பெரியாழ்வார் திருமொழி 3ஆம் பத்தின் 7, 8ஆம் திருமொழிகள் தாய்ப்பாசுரங்கள். முன்னதில் மகள் புழுதியளையும் சிறுமி. பேச்சுத் தேறவில்லை, சிற்றாடையை இறுக உடுக்கவும் அறியாள். ஆயினும் சிற்றில் இழைக்கப் புகுந்தால் சங்கும் சக்கரமும் வில்லுமே இழைக்கிறாள். பின்னதில் அவள் கண்ணன் பின்னே போய்விட்டாள். வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது.

இதனை ஆண்டாள் திருவரங்கம் புகுந்த வரலாறாகவே கொள்வாரும் உளர். பாசுரங்களின் போக்கு அதற்கு இடம் தரவில்லை. தாயின் நெஞ்சு செல்வது நந்தகோபர் திருமாளிகைக்கே. மாமியாராகிய யசோதை மருமகளை உகந்து சீராட்டுவாளோ, விடியுமுன் துயில்நீத்துத் தயிர் கடைய இவளால் ஆகுமோ என்பவையே அவள் கவலைகள்.

முன்பு யசோதையாகவே நின்று கண்ணனை நீராட்டிப் பூச்சூட்டிய ஆழ்வார், இங்கு அந்த யசோதையின் மனமறியாத சம்பந்தியாகித் தவிக்கிறார். ஒரு திருவுள்ளமே இரு தாய்மாரானமை இத்திருமொழிக்குரிய ஏற்றம்.

ஆசார்ய ஹ்ருதயம் தாய்நிலையை உபாயத்தில் துணிவாக நிர்வஹிக்கும். துணிந்தவளுக்குக் கவலை கூடுமோ என்னில், கூடும். துணிவு அவனுடைய ரக்ஷகத்வத்தைப் பற்றியது. கவலை மகளின் மென்மையைப் பற்றியது. பெற்று வளர்த்த நெஞ்சில் இரண்டும் ஒருங்கே இருக்கும். ஆகவே ஸ்வாபதேசம் சொல்லுமிடத்தும் தயிர்த்தாழியைக் கைவிடலாகாது. அதை விட்டால் தத்துவம் எஞ்சும், தாய் எஞ்சாள்.