எழுத்துப் போடும் நேரம்

'எழுத்துப் போடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்' என்று சொல்லிக்கொண்டு திரையரங்குக்கு விரைவது நம் மக்களின் வழக்கம். படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்ப் பட்டியலைத்தான் அவர்கள் எழுத்து என்கிறார்கள். அந்தச் சில நிமிடங்களில் கதை நகரப்போவதில்லை என்று அறிந்தும் அதைத் தவறவிட யாருக்கும் மனமிருப்பதில்லை. இந்த உள்ளுணர்வைக் குறை சொல்வதற்கில்லை. தன்னை எவ்வாறு பார்க்க வேண்டும், எவ்வாறு கேட்க வேண்டும் என்பதைப் படம் நமக்குப் பயிற்றுவிப்பது அப்போதுதான்.

காட்சித் தொடர்பியல் பயிலும் நம் இளைஞர்களின் குறும்படங்களில் இந்நேரம் பெரும்பாலும் வீணாகிப் போகிறது. பத்து நிமிடப் படத்தில் முழுதாக ஒரு நிமிடம் பெயர்களுக்கும் நன்றிகளுக்கும் செலவாகிறது. பின்னணியில் எங்கிருந்தோ எடுத்தாளப்பட்ட வயலின் இசை உருகுகிறது. இன்னும் எவர் முகத்தையும் நாம் பார்க்கவில்லை. அதற்குள் அழச் சொல்கிறார்கள்! அவ்விசை வேறொரு படத்திலிருந்து வந்ததாயின் நிலைமை இன்னும் மோசம். பார்ப்பவர் அந்தப் பழைய படத்தை நினைத்துத்தான் கண் கலங்குவார். மாணவரின் படமோ தொடங்கவே இல்லை.

இதை எண்ணும்போதெல்லாம், மாணவராயிருந்த காலத்தில் போலந்து நாட்டு இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி எடுத்த இரு சிறு படங்கள் என் நினைவுக்கு வருகின்றன. திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலில், பத்துக் கட்டளைகளைத் தழுவிய அவருடைய 'டெகலாக்' வரிசை இடம்பெற்றதால், அவர் பெயரை வாசகர் பலர் அறிந்திருக்கலாம். போலந்தினர் 'வூச்' என்று ஒலிக்கும் லோட்ஸ் நகரத் திரைப்படப் பள்ளியில் அவர் பயின்றார். மூன்றாம் முயற்சியில்தான் அங்கே அவருக்கு இடம் கிடைத்தது. 1966-இல் அங்கிருந்தபடியே 'டிராம்', 'அலுவலகம்' என்னும் இரண்டையும் எடுத்தார். ஒவ்வொன்றும் ஆறு நிமிட அளவினதே.

'டிராம்' ஒலியே இல்லாத படம். இரவு விருந்தொன்றிலிருந்து ஓர் இளைஞன் வெளியேறுகிறான். தெருவில் ஓடிச் சென்று டிராம் வண்டியில் தொற்றிக்கொள்கிறான். உள்ளே ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். தொடக்கம் அவ்வளவுதான். விருந்தில் இசை இருந்திருக்க வேண்டும். நம் செவிக்கு அது எட்டுவதில்லை. அவன் காலடியோ வண்டியின் மணியோ கேட்பதில்லை. செவிக்கு வேலை இல்லாதபோது கண் இரு மடங்கு உழைக்கிறது. அவன் எதை விட்டு ஓடுகிறான், எதை நோக்கி ஓடுகிறான் என்று நாமே கேட்டுக்கொள்கிறோம். உருக்கமான இசையொன்று அங்கே ஒலித்திருந்தால் 'இது காதல் கதை' என்று முதல் நொடியிலேயே விடை தந்துவிட்டுக் கேள்வியைக் கொன்றிருக்கும். இப்படத்தை மேலான கலைப்படைப்பு என்று நான் கூறவரவில்லை. சொல்லும் ஓசையும் இல்லாத குறையை முகபாவத்தால் ஈடுசெய்ய முயலும் இடங்களில் ஊமைக்கூத்தின் சாயல் தட்டுகிறது. ஆயினும் கையில் இல்லாத ஒன்றுக்காக ஏங்காமல், இருப்பதைக் கொண்டே தொடங்கும் துணிவு அதில் உண்டு.

'அலுவலகம்' இன்னும் கூர்மையானது. ஓய்வூதியம், காப்பீடு முதலியவற்றுக்காக எளிய மக்கள் ஒரு சாளரத்தின்முன் காத்து நிற்கிறார்கள். இப்படத்தில் ஒலி உண்டு. ஆனால் கேட்கும் குரல் பார்க்கும் உதடுகளோடு பொருந்துவதில்லை. எந்தக் குரல் எந்த முகத்துக்குரியது என்று தெரியாமல் தடுமாறுகிறோம். அங்கு நிற்கும் முதியவர்களின் நிலையும் அதுதானே! ஒலியைத் தனியே பதிந்து படத்தோடு சேர்ப்பது ஏழைத் தயாரிப்புகள் அனைத்திலும் நடப்பது. அந்தப் பிரிவையே ஒரு பொருளாக மாற்றினார் இம்மாணவர்.

இந்தப் பயிற்சியின் பலன், ஏறத்தாழ 27 ஆண்டுகளுக்குப் பின் 1993-இல் வந்த 'மூன்று வண்ணங்கள்: நீலம்' படத்தில் தெரிகிறது. அது ஓர் இசையமைப்பாளரின் மனைவியைப் பற்றிய கதை. ப்ரைஸ்னரின் இசை அதற்கு உயிர்நாடி. இருந்தும் தொடக்கத்தில் இசை ஒலிப்பதில்லை. காரின் அடிப்புறத்திலிருந்து சுழலும் சக்கரத்தைப் பார்க்கிறோம். சாலையின் இரைச்சல் செவியை நிறைக்கிறது. ஓட்டம் தடைபடாமல், அப்படிமங்களின் மீதே பெயர்கள் வந்து மறைகின்றன. சன்னலுக்கு வெளியே ஒரு குழந்தையின் கை மிட்டாய்த் தாளைக் காற்றில் படபடக்க விடுகிறது. கார் நிற்கும்போது, கீழே ஏதோ திரவம் சொட்டுச் சொட்டாக விழுகிறது. பிறகு மூடுபனி. சாலையோரத்தில் கோலும் பந்தும் வைத்து விளையாடும் ஓர் இளைஞன். பந்து கோலில் சரியாக வந்தமரும் கணத்தில், தொலைவில் மோதும் ஓசை. மோதலை நாம் காண்பதில்லை, கேட்கிறோம். அவ்விரண்டும் ஒரே கணத்தில் நேர்வது சற்று மிகையான ஏற்பாடு என்றே எனக்குப் படும். மற்றபடி அதில் ஒரு குறையும் காணேன். மருத்துவமனையில் கிடக்கும் அந்தப் பெண் தன் கணவரும் மகளும் அடக்கம் செய்யப்படுவதைச் சிறியதொரு தொலைக்காட்சிப் பெட்டியில் பார்க்கும்போது இசை வருகிறது. அதற்குள் அந்த இசைக்கு ஓர் உரிமை பிறந்துவிடுகிறது.

நம் மாணவர்கள் இசையை நாடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பழிக்க எனக்கு மனமில்லை. படப்பிடிப்பில் பதிவான ஒலி தெளிவாக இருப்பதில்லை. மின்விசிறியின் இரைச்சலையும் தெரு ஊர்திகளையும் மறைக்க இசையைப் போர்வையாகப் போர்த்துகிறார்கள். ஒளிப்படக் கருவிக்கு அலைந்து திரியும் அளவில் பாதியேனும் ஒரு நல்ல ஒலிவாங்கிக்கு அலைந்தால் போதும். எவரும் பேசாதிருக்கும்போது அந்த அறையின் ஓசையை ஒரு நிமிடம் தனியே பதிந்து வைத்தால், படத்தொகுப்பில் அது பல ஓட்டைகளை அடைக்கும். தொடக்கக் காட்சிக்குப் பல வேளைகளில் அதுவே போதுமானது.

பெயர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஊதியமின்றி விளக்குச் சுமந்த நண்பனின் பெயர் திரையில் வருவது நியாயமே. அதை எவரும் மறுக்கக் கூடாது. ஆனால் அவன் பெயரை மக்கள் மதிப்புடன் வாசிப்பது படம் அவர்களைத் தொட்ட பின்பே, அதாவது இறுதியில். முன்னே வைப்பதானால் சில பெயர்கள் போதும். அவற்றையும் நடிப்பவரின் கண்மீதோ வாய்மீதோ பதிக்காமல், பார்வை இளைப்பாறும் வெற்றிடத்தில் வைக்கலாம். கீஸ்லோவ்ஸ்கியின் சக்கரமும் சாலையும் அத்தகைய இடங்களே.

மீண்டும் 'டிராம்' படத்துக்கு வருகிறேன். அப்பெண் உறங்கிவிடுகிறாள். இளைஞன் தன் நிறுத்தத்தில் இறங்குகிறான்; மனம் மாறி வண்டியின் பின்னே ஓடுகிறான். தொடக்கத்தில் ஓடிய அதே ஓட்டம், அதே நிசப்தம். முதலில் ஓடியபோது வண்டியின் மணி கேட்கவில்லையே என்று நாம் எண்ணவில்லை. இம்முறை அது ஒலிக்காதா, அவள் கண்விழிக்க மாட்டாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறோம்.