சந்திரசேகரின் துணிக்கைக் கணிதம்: ஒரு மதிப்பீடு

நீரில் மிதக்கும் நுண்டுணிக்கைகள் ஓயாது நடுங்குதலை 1827இல் றொபேட் பிரௌண் ஆராய்ந்தார். நீர் மூலக்கூறுகளின் மோதலே அதன் காரணமாதலை 1905இல் ஐன்ஸ்டைன் கணிதவாயிலாக விளக்கினார். இத்துறையின் முடிபுகளை ஒருங்கு தொகுத்து நிறுவியது, தமிழரான சு. சந்திரசேகர் 1943இல் அமெரிக்கப் பௌதிகச் சஞ்சிகையொன்றில் வெளியிட்ட நெடுங்கட்டுரையாகும்.

அதன் தலையாய சிறப்பு யாது? ஒரு துணிக்கை அடுத்த கணம் எங்குச் செல்லுமென எவரும் கூறவியலாது. ஆயினும் பல துணிக்கைகளின் இடப்பெயர்ச்சி வர்க்கங்களின் சராசரி, காலத்துக்கு நேர்விகிதமாகும். இருமடங்கு தூரம் பரவ நான்மடங்கு காலம் வேண்டும். ஒழுங்கின்மையினின்றே ஒழுங்கு பிறத்தலை ஆசிரியர் படிப்படியாக நிறுவுகிறார். அம்முறையை விண்மீன்களின் இயக்கத்துக்கும் விரித்தமை அவர்தம் அறிவின் வீச்சைக் காட்டும்.

எனினும் எல்லையும் உண்டு. கூழ்த் துணிக்கைகள் திரளுதலைக் கூறுமிடத்து அவர் விளக்கும் ஸ்மொலுகொவ்ஸ்கியின் கொள்கை, ஒவ்வொரு துணிக்கைக்கும் கோளவடிவான ஈர்ப்பெல்லையையும் அசையாத திரவத்தையும் எடுகோளாகக் கொள்வது. அருவியாறு மாரியிற் கொணரும் களிமண்ணை நோக்குக. ஆற்றுநீரில் மின்னேற்றத்தால் ஒன்றையொன்று விலக்கும் அத்துணிக்கைகள், மன்னார்க் கரையில் உப்புநீரைச் சேர்ந்ததும் விலக்கம் குன்றித் திரண்டு படிகின்றன. அவையோ கோளங்களல்ல, தகடுகள். அலையும் நீரோட்டமும் அவற்றை மேலும் மோதுவிக்கும். அச்சூத்திரத்தை அங்கு அப்படியே பொருத்துவோர் வழுவுவர்.

இது கணிதத்தின் பழுதன்று. எடுகோளை மறந்தார் பழுதே. சூத்திரத்தை மனனஞ் செய்யுமுன், அது எதன்மேல் நிற்கின்றது என வினவும் பழக்கத்தை மாணவர் இக்கட்டுரையிற் பெறுவாராயின், அதுவே பெரும்பயன்.