காலி சோபாவின் மேல் காமிரா

டாஃப்னி டு மோரியரின் ‘ரெபெக்கா’ நாவல் 1938-இல் வெளிவந்தது. ஹிட்ச்காக் அதை 1940-இல் படமாக்கினார். அமெரிக்காவில் அவருக்கு அதுதான் முதல் படம். தலைப்பில் இருக்கிற ரெபெக்காவாக அதில் நடித்தவர் யாருமில்லை. கதை தொடங்கும் முன்பே செத்துப்போனவள் அவள். பழைய நினைவுக் காட்சியில்கூட அவள் முகத்தைக் காட்டுவதில்லை. ஆனால் மாண்டர்லி மாளிகையில் எதைத் தொட்டாலும் அவள் பெயரின் முதலெழுத்து பூவேலையாய், பொறிப்பாய் எதிர்ப்படுகிறது.

அவள் கணவன் மாக்ஸிம் டி வின்டருக்கு அவள் இடத்தில் வந்த இரண்டாவது மனைவிக்கோ பெயரே கிடையாது. நாவலில் அவளே கதை சொல்வதால் அது பெரிதாக உறுத்தாது. திரையில் ஒரு பெண் முழுசாக நடமாடுகிறாள், ஒருவரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஜோன் ஃபோன்டைன் தோளைக் குறுக்கிக்கொண்டு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் திண்டாடுகிற அழகே அழகு. காலையில் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுத் தொலைபேசி அடிக்கிறது. மிஸஸ் டி வின்டர் இறந்து ஒரு வருஷத்துக்கு மேலாயிற்றே என்று பதில் சொல்லிவிடுகிறாள்! தானே இப்போது மிஸஸ் டி வின்டர் என்பது அப்புறம்தான் உறைக்கிறது. அந்தப் பதற்றத்திலேயே பீங்கான் பொம்மை ஒன்றை உடைத்து, சில்லுகளைத் திருட்டுத்தனமாய் இழுப்பறைக்குள் ஒளிக்கிறாள். ஒரு வீட்டின் எஜமானி செய்கிற காரியமா இது?

வீட்டு நிர்வாகி டான்வர்ஸாக வரும் ஜூடித் ஆண்டர்சன் நடந்து வருவதைப் படத்தில் அதிகம் பார்க்க முடியாது. நாயகி திரும்பினால் பக்கத்தில் நிற்பாள், அவ்வளவுதான். அவள் ரெபெக்காவின் படுக்கையறையைச் சுற்றிக் காட்டும் காட்சிக்கு ஈடு சொல்வது கஷ்டம். ரோமக் கோட்டின் கையைத் தன் கன்னத்தில் வைத்துத் தேய்க்கிறாள். பிறகு அதையே புதியவளின் கன்னத்திலும் வைக்கிறாள். மெல்லிய இரவு உடைக்குள் கையை நுழைத்து, துணி வழியே விரல் தெரிகிறது பார் என்கிறாள். குரலை உயர்த்தவில்லை, மிரட்டவும் இல்லை. துணியைத் தொடுகிற பக்குவத்திலேயே பக்தியும் பித்தும் தெரிந்துவிடுகின்றன. ஜார்ஜ் பார்ன்ஸின் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கார் கிடைத்தது நியாயம்தான்; அந்த அறையின் மெல்லிய திரைச்சீலைகளில் விழும் வெளிச்சம் ஒன்றே போதும்.

இருந்தாலும் என் ஓட்டு படகு வீட்டுக் காட்சிக்குத்தான். ரெபெக்கா இறந்த இரவில் நடந்ததை மாக்ஸிம் மனைவியிடம் சொல்கிறான். வேறொரு இயக்குநராக இருந்தால் உடனே நினைவுக் காட்சிக்குப் போயிருப்பார். இங்கே மாக்ஸிமாக வரும் லாரன்ஸ் ஒலிவியரின் குரல் மட்டும் தொடர்கிறது. காமிரா காலி சோபாவைப் பார்க்கிறது. அவள் எழுந்தாள் என்று அவன் சொல்கிற கணத்தில் காமிராவும் எழுகிறது. அவள் நடந்தாள் என்கிறான். வெறுங்காற்றைப் பின்தொடர்ந்து அதுவும் மெல்ல நகர்கிறது. ஆளே இல்லாத இடத்தில் ஓர் ஆளின் உயரமும் நடையும் திமிரும் நமக்குத் தெரிகின்றன.

நாவலில் மாக்ஸிம் அவளைச் சுட்டுக் கொல்கிறான். கொலைகாரக் கணவன் தண்டனை இல்லாமல் தப்புவதற்கு அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி இடம் தராது என்பதால், படத்தில் அவள் தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டுச் சாகிறாள். இதில் கதையின் விஷம் கொஞ்சம் இறங்கிவிட்டது என்பது என் குறை. அவள் சாவு பற்றிப் பின்னால் வரும் விசாரணையும் கொஞ்சம் நீளம்தான். ஆனால் இடையில் ரெபெக்காவின் உறவினனாக வரும் ஜார்ஜ் சாண்டர்ஸ் அழையா விருந்தாளியாக மாக்ஸிம் தம்பதியின் காருக்குள் ஏறி, அவர்கள் கொண்டுவந்த கோழிக்காலை எடுத்துக் கடித்துக்கொண்டே பணம் பறிக்கப் பேரம் பேசுகிறார். தின்று முடித்த எலும்பை என்ன செய்வது, புதைத்துவிடலாமா என்று வேறு விசாரிக்கிறார். ஒரு பிணத்தைப் பற்றிய விசாரணை நடக்கும்போது கேட்கிற கேள்வியா அது! அந்தக் கொழுப்புக்காகவே மற்ற நீளத்தையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.